சுருளுக்கு எலும்பு கிடையாது

பாகல் கொடிக்கு மருந்தடித்த அன்று பந்தலுக்கடியில் இருந்தவர்கள் மூன்று பேர். கூலிக்கு வந்து முதுகில் தெளிப்பானைச் சுமந்த செல்லத்துரை அண்ணன், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய அம்மா, மருந்தை அளந்து கலக்கிக் கொடுத்த சின்னத்தை. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா, பழுது பார்க்கக் கொடுத்திருந்த மோட்டாரை வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். நான் உத்தமபாளையத்தில் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து புறாவின் எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் இருந்திருந்தால் தடுத்திருப்பீர்களா என்று அம்மா இப்போதும் கேட்பதுண்டு. தடுத்திருக்க மாட்டோம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே நான் வாதத்தில் தோற்றிருந்தேன். அப்பா வாதத்துக்கே வருவதில்லை.

சின்னத்தை அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் நான் ஆறாவதுக்குப் போகும்வரை அதுதான் பெரிய படிப்பு. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பொருளைப் பார்த்தாலும், இது இப்போது என்ன என்று பார்க்க மாட்டார். முதலில் என்னவாக இருந்தது என்று பார்ப்பார்.

தலையணை உறையைக் கையில் எடுத்து, "இது அந்தோணியார் திருவிழாவுக்கு எடுத்த சேலைல்ல மதினி?" என்பார். அம்மாவுக்கு நினைவிருக்காது. சின்னத்தை உறையின் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த கரையைக் காட்டுவார். ஆட்டுக்கொட்டகைக் கதவு பழைய வீட்டு ஜன்னல் என்பார். போய்ப் பார்த்தால் சட்டத்தில் கொக்கி மாட்டிய துளை இருக்கும். "ஆளு அதேதான். வேலதான் மாறிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதைச் சொல்லும்போது, ரொம்ப நாளாகக் காணாத சொந்தக்காரரைப் பேருந்து நிலையத்தில் பார்த்துவிட்டவர் முகம் போல அவர் முகம் இருக்கும்.

அவர் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு எட்டு மாதத்தில் திரும்பி வந்ததற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. அந்த வீட்டில் மாமனார் கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவார். மாப்பிள்ளை எறிய மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். உப்புக் குறைந்தால் பத்து நாள் பேச மாட்டார், அவ்வளவுதான். தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். "அது அப்பங்கோவந்தான். அங்க கையில இருக்கு, இங்க வாயில இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சின்னத்தை பெட்டியோடு வந்து இறங்கினார். அப்பா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். "பந்தல் வேலைக்கு ஆளு பத்தலன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மாப்பிள்ளை மறுகல்யாணம் செய்துகொண்டார், அந்தப் பெண்ணும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு ஒரு நாள் சேதி வந்தது. சின்னத்தை அப்போது திராட்சைப் பெட்டிக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து விரித்தார்.

நான் விலங்கியல் சேர்ந்த வருடம், தேர்வுக்கு வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு ஆகியவை அமைப்பொத்த உறுப்புகள். பார்க்க வேறு, செய்யும் வேலை வேறு, ஆனால் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, எலும்புகளின் வரிசை ஒன்றே. சின்னத்தை அரிசி புடைப்பதை நிறுத்தினார்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"திமிங்கலத்த நான் பாத்ததில்ல. மத்ததப் பாத்துருவோம்" என்றார்.

எங்கள் தோட்டம் சுருளிப்பட்டிப் பக்கம். பன்னீர் திராட்சை. காய் கறுக்கும்போது பந்தலைச் சுற்றி வலை கட்டுவோம். அதில் ஒரு காலை பழந்தின்னி வௌவால் ஒன்று சிக்கிக் கிடந்தது. சாதாரணமாக அதை யாரும் உயிரோடு விடுவதில்லை. சின்னத்தை கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வலையை அறுத்து எடுத்தார். ஒரு பக்க இறக்கையைக் தோட்ட வாசலில் கிடந்த கல்லின் மேல் விரித்தார்.

"இந்தா, முழங்கை. இது மணிக்கட்டு. நகத்தோட நிக்கிறது கட்டவிரலு. மத்தது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அட நாசமாப் போக, நீட்டமா வளத்து தோலு கட்டிருக்கான்ப்பா."

அப்பா எட்டிப் பார்த்தார். "கை இருக்குல்ல? ஒரு கூடையக் குடு, குலை பறிக்கட்டும்."

"குடுக்கலாம்ணே. கூலிக்கு முன்னாடியே தின்னுருச்சு."

பறக்கவிட்டார். அதற்குப் பிறகு கடித்துப் போட்ட பழத்தைப் பார்த்தால், "கைகாரன் வந்துட்டுப் போயிருக்கான்" என்பார். கோழிக்கடைக்குப் போய், "அண்ணே, கை ரெண்டு சேத்துப் போடுங்க" என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு நிமிடம் தன் கையைப் பார்த்ததாக அம்மா சொன்னார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் சின்னத்தையின் தட்டோரத்தில் கோழி இறக்கை எலும்புகள் வரிசையாக அடுக்கியிருக்கும். மேலே ஒன்று, கீழே இரண்டு, நுனியில் சின்னதாக மூன்று விரல். பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொள்வார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் போய் நின்றார். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"சாமி, மனுசனுக்கும் வௌவாலுக்கும் ஆண்டவரு ஒரே அச்சுலயா கை செஞ்சாரு?"

"யாரும்மா சொன்னது?"

"அண்ணன் மகன் படிக்கிறான்."

"காலேஜுல சொல்லிக்குடுத்தா சரியாத்தான் இருக்கும்." சாமியார் வண்டியை அணைத்தார். "இருந்தா என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. அச்ச வீணாக்காம இருந்துருக்காரேன்னுதான்."

அடுத்த வாரம் சிக்கனத்தைப் பற்றிய பிரசங்கத்தில் ஒரு வௌவால் வந்தது. சொன்னது யார் என்று சாமியார் சொல்லவில்லை.

இதெல்லாம் செலவில்லாத விஷயங்கள். செலவு சுருளில் ஆரம்பித்தது.

திராட்சைக் கொடி பந்தல் கம்பியைப் பிடித்துக்கொள்ள மெல்லியதாக ஒன்றை நீட்டி, கம்பியில் சுற்றிக்கொள்ளும். புத்தகத்தில் அதற்குப் பற்றுக்கம்பி என்று பெயர். நாங்கள் சுருள் என்போம். கொடியின் கணுவில் ஒரு பக்கம் இலை இருக்கும். இலைக்கு எதிர்ப்பக்கம் குலை இருக்கும், அல்லது சுருள் இருக்கும், சில கணுவில் ஒன்றுமே இருக்காது. வருடக்கணக்காகக் கொடியை வெட்டிக் கவாத்து செய்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சின்னத்தை ஒரு நாள் ஒரு சுருளை ஒடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன?"

"சுருள்."

"நுனியப் பாரு."

நுனியில் மிளகு அளவில் மூன்று பச்சைக் காய் இருந்தது.

"குலையா வர வேண்டியவ. கம்பியப் பிடிக்கப் போயிட்டா" என்றார் சின்னத்தை.

தாவரவியல் பேராசிரியரிடம் கேட்டேன். உண்மைதான், திராட்சையில் குலையும் சுருளும் ஒரே மொட்டின் இரண்டு முடிவுகள், புத்தகத்திலேயே இருக்கிறது என்றார். அந்தச் சுருளைக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார். முடியவில்லை. சின்னத்தை அதை மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"உங்க வாத்தியாரு என்ன சொன்னாக?" என்று அப்பா கேட்டார்.

"சரின்னு சொன்னாக."

"சரின்னா அத வச்சு என்ன பண்றது?"

அதற்கும் சின்னத்தையிடம் பதில் இருந்தது. கொடி நீண்டு ஓடுவதைக் கட்டுப்படுத்திக் குலையைக் கூட்டும் மருந்து ஒன்று உரக்கடையில் உண்டு. எங்கள் பக்கத்தில் பலரும் அடிப்பதுதான். அப்பா அதுவரை அடித்ததில்லை. அந்தக் கவாத்துக்குப் பிறகு, ஐந்தாறு இலை விட்டதும், சின்னத்தை நின்று அடிக்க வைத்தார். அந்தத் தடவை சுருள் குறைந்தது, குலை கூடியது. மருந்தினாலா, அந்த வருடத்து வெயிலினாலா என்று எனக்குத் தெரியாது. சின்னத்தைக்குத் தெரிந்திருந்தது. பந்தலுக்கடியில் அண்ணாந்து பார்த்தபடி நடந்து, "வேலைக்குப் போனவளுகள வீட்டுக்குக் கூப்டாச்சு" என்றார்.

அதற்கடுத்த வருடம் மழை விடாமல் பெய்தது. அடிச்சாம்பல் நோய் வந்து பாதிப் பந்தலில் இருந்த கிழட்டுக் கொடிகள் எல்லாம் போயின. தோண்டி எடுத்தோம். மேலே கம்பி மட்டும் நின்றது.

அப்பா அந்தப் பாதியைப் பிரித்துவிடலாம் என்றார். "கல்தூணையும் கம்பியையும் வித்துட்டு தென்னைய வச்சிருவோம். அதுபாட்டுக்கு நிக்கும். மருந்து வேணாம், ஆளு வேணாம்."

"ஆளு வேணாம்னா நான் என்னண்ணே பண்றது?" என்றார் சின்னத்தை.

சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "ஒரு வெள்ளாமை பாகல் போட்டுப் பாரு ஆத்தா. ஈஸ்டருக்குள்ள போட்ட காசு வந்துட்டா பந்தல் நிக்கட்டும். வரலன்னா கல்லப் பிடுங்கிருவேன்."

பாகல் நன்றாக வந்தது. குச்சியைப் பிடித்துப் பந்தலுக்கு ஏறி, கம்பி தெரியாமல் பச்சை விரித்தது. பூ விட்டது. பிஞ்சும் அங்கங்கே இறங்கியது. ஆனால் மார்ச் பிறந்துவிட்டது, காய் விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தை தினமும் அண்ணாந்து பார்த்தார். பிஞ்சைவிட அவர் கண்ணில் பட்டது சுருள்தான். பாகலிலும் சுருள் உண்டு. கணுவுக்குக் கணு நீட்டிக்கொண்டு, திராட்சைச் சுருளைப் போலவே கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இத்தனையும் காயா மாறுனா எத்தன மூட்ட வரும்?"

"அத்தே, திராட்சை வேற குடும்பம். பாகல் பூசணிக் குடும்பம்" என்றேன்.

"வௌவாலும் நீயும் ஒரே குடும்பமா?"

"இல்ல."

"கை?"

"கை ஒண்ணுதான்."

"அப்பறம் என்ன?"

நான் விடவில்லை. அந்தப் பாடத்தின் மறுபாதியை அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. செயலொத்த உறுப்புகள். வேலை ஒன்று, பார்க்கவும் ஒன்று போல, ஆனால் வந்த வழி வேறு. "வௌவாலுக்கும் றெக்க இருக்கு, பட்டாம்பூச்சிக்கும் றெக்க இருக்கு. ரெண்டும் பறக்குது. ஆனா வௌவாலோடது கை. பட்டாம்பூச்சியோடது கை கிடையாது அத்தே."

சின்னத்தை யோசித்தார். நியாயமாகத்தான் யோசித்தார்.

"கை இல்லன்னு எப்படிச் சொல்ற?"

"எலும்பு இல்ல."

"சரி. திராட்சைச் சுருளுக்கு எலும்பு இருக்கா?"

"இல்ல."

"பாகல் சுருளுக்கு?"

"கிடையாது."

"ரெண்டுக்கும் இல்ல. அப்ப ரெண்டும் ஒண்ணுதான?"

எலும்பில்லாத இடத்தில் எதை வைத்துப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அமைப்பொத்தவை, செயலொத்தவை, வேறுபடுத்துக என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதில் பாகல் வரவில்லை.

"ஒரே ஒரு கொடிக்கு மட்டும் அடிச்சுப் பாருங்க அத்தே. சரியா வந்தா மத்ததுக்கு அடிக்கலாம்."

"ஒண்ணுக்கு அடிச்சுட்டு இருவது நாளு வேடிக்க பாத்தா ஈஸ்டர் வந்துரும். உங்கப்பன் கடப்பாரையோட வருவான்."

அப்பா பக்கத்தில்தான் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது செருப்பையும் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அம்மா சொன்னார். செல்லத்துரை அண்ணன் தெளிப்பானை இறக்கி வைத்து, பாட்டிலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"இது திராட்ச மருந்துல்லக்கா?"

"சுருளுக்கு மருந்துடா."

"பாகலுக்கும் அடிக்கலாம்னு கடைக்காரரு சொன்னாகளா?"

"அவருகிட்ட எதுக்கு? அவரு விக்கிறவரு."

"இல்லக்கா, சுருளுல மட்டும் வேல செய்யணும்னு அந்த மருந்துக்கு எப்படித் தெரியும்?"

"நீ அடி. அதுக்குத் தெரியும்."

மருந்துக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் கொடிகள் நின்ற இடத்தில் நின்றன. நுனி ஓடவில்லை. புது இலைகள் கரும்பச்சையாக, தடித்து, குழந்தையின் காது அளவில் வந்தன. கணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி முடிச்சு முடிச்சாகின. மொட்டு உதிர்ந்தது. இருந்த பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. சுருள் மட்டும் குட்டையாக, பிடிக்கக் கம்பி எட்டாமல், காற்றில் தனக்குள்ளேயே சுருண்டுகொண்டது. ஒரு சுருளிலும் ஒரு காய்கூட வரவில்லை.

அப்பா வந்து பந்தலுக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "பச்ச நல்லா இருக்கு" என்றார்.

சின்னத்தை ஒரு வாரம் பந்தலிலேயே கிடந்தார். காலையில் போவார், பந்தலுக்கடியில் கல்லைப் போட்டு ஏறி நின்று கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மதியம் வருவார். மற்றவர்களாக இருந்தால் மருந்தைக் குறை சொல்லியிருப்பார்கள், கடைக்காரரைச் சொல்லியிருப்பார்கள். என்னைக்கூடச் சொல்லியிருக்கலாம். அவர் யாரையும் சொல்லவில்லை. அவர் தேடியது வேறு.

இப்போது அவர் கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய் எஸ்டேட்டில் இருக்கிறார். முதலில் விடியற்காலை ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்தார், பிறகு அங்கேயே தங்கிவிட்டார். மலையாளம் சரளமாகப் பேசுகிறார். போனில் பேசினால் வேலையைப் பற்றிச் சொல்வார், மழையைப் பற்றிச் சொல்வார். பந்தலைப் பற்றிக் கேட்பதில்லை. நான் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும் ஒவ்வொரு வருடமும் அவர் கடைசியாகப் பந்தலுக்கடியில் நின்றதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அது ஈஸ்டருக்கு மறுநாள். கல்தூண் வாங்கும் ஆள் வந்திருந்தார். நாடாவை வைத்து அளந்துகொண்டே வரிசை வரிசையாகப் போனார். அப்பா அவர் பின்னால் போனார். சின்னத்தை நடு வரிசையில் நின்று ஒரு கொடியை வளைத்துப் பிடித்திருந்தார்.

"அண்ணே, இங்கன வா."

"இரு ஆத்தா, அளந்துக்கிட்டு இருக்காரு."

"அவரு அளக்கட்டும். நீ வா. நீயும் வாடா."

போனோம். அவர் நகத்தால் கணுவைத் தொட்டார்.

"இது கணு. இது எலை. இங்கன பூ இருந்துச்சு, காம்பு நிக்குது பாரு. அதுக்குப் பக்கத்துலயே இந்தா, சுருளு."

"சரி."

"மேல பாரு. இதுலயும் ரெண்டு. அடுத்ததுலயும் ரெண்டு. எல்லாத்துலயும் பூவுக்கு ஒரு எடம், சுருளுக்கு ஒரு எடம்." அவர் கொடியை விடாமல், பந்தலின் மறுபாதியில் மிச்சமிருந்த திராட்சைப் பக்கம் தலையைத் திருப்பினார். "அங்கன குலை இருந்தா சுருளு இருக்காது. சுருளு இருந்தா குலை இருக்காது. ரெண்டுக்கும் சேத்து ஒரு எடந்தான். ஏன்னா ரெண்டும் ஒரே ஆளு. இங்கன ரெண்டும் தோளோட தோளு உரசிக்கிட்டு நிக்குது. ஒரே ஆளு தனக்குப் பக்கத்துலயே எப்படிண்ணே நிப்பான்?"

எலும்பில்லாத இடத்தில் எதைப் பார்ப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதற்கு அவர் பதில் கொண்டுவந்திருந்தார்.

"நிக்கிற எடத்தப் பாத்துருக்கணும்" என்றார் சின்னத்தை. "நான் சுருட்டலப் பாத்துட்டேன்."

அப்பா குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கணுவைப் பார்த்தார். பூக்காம்பை ஒரு விரலாலும் சுருளை ஒரு விரலாலும் விலக்கி, இரண்டுக்கும் நடுவில் பார்த்தார். பிறகு அடுத்த கணுவைப் பார்த்தார். அப்பா ஒரு செடியை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"அளந்தாச்சுண்ணே. எப்பப் பிடுங்கலாம்?" என்று கல் வாங்குபவர் கடைசி வரிசையிலிருந்து சத்தம் கொடுத்தார்.

"நாளைக்கு வாங்க" என்றார் அப்பா, நிமிராமலே. பிறகு கொடியை மெதுவாக விட்டுவிட்டு நிமிர்ந்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"இதக் கண்டுபிடிக்க மொத்தம் எவ்வளவு ஆத்தா ஆச்சு?"

சின்னத்தை யோசிக்கவே இல்லை.

"வெத, ஒழவு, உரம், மருந்து, ஆளு கூலி. என் கூலியச் சேக்காம நாப்பத்தோராயிரத்து அறநூறுண்ணே."